கதிர் இல்லாதவர் ஏறாத பாறை

வேலங்காட்டுக் குளத்தின் கரையில், ஒரு சங்கம்புதருக்குள், செங்காலி என்ற கவுதாரி தன் ஏழு குஞ்சுகளோடு இருந்தாள். அதே புதரின் அடியில் வளை தோண்டி நெடுவாலி என்ற வெள்ளெலி இருந்தாள். இருவருக்கும் நல்ல பழக்கம். ஒருத்தி வீட்டில் தும்மினால் இன்னொருத்தி வீட்டில் கேட்கும்.

செங்காலிக்கு ஒரு கவலை. போன வருஷம் அவளுக்கு மூன்றே குஞ்சுகள். இந்த வருஷம் ஏழு. கார்த்திகையில் அடைமழை பிடித்தால் யாரும் புதரை விட்டு வெளியே போக முடியாது. சேர்த்து வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்திருக்கும், அவற்றின் வயிறும் வளர்ந்திருக்கும். அவளிடம் இருந்ததோ பன்னிரண்டு ஓடு தினை. அந்தக் காட்டில் தானியத்தை நத்தை ஓட்டால்தான் அளப்பார்கள். பன்னிரண்டு ஓடு என்பது எட்டு வயிற்றுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு.

அந்தச் சமயத்தில்தான் காடு முழுவதும் கரம்பை விதைப்பைப் பற்றியே பேச்சாக இருந்தது. ஆடியில் குளம் வற்றி, அடியில் படிந்த வண்டலான கரம்பை மண் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளில் தினையைத் தூவிவிட வேண்டும். முதல் மழையில் முளைத்து, அடைமழைக்கு முன்னால் கதிர் முற்றிவிடும். இரண்டு மூன்று வருஷமாகச் சிலர் இதைச் செய்து பார்த்திருந்தார்கள்.

ஆடி முதல் நாள் காலையில் குளத்துப் பாறையில் சபை கூடியது. சபைக்குத் தலைவர் ஒரு காட்டுப்பன்றி. ஒரு கோரைப்பல் எப்போதோ உடைந்துபோனதால் அவருக்கு ஒற்றைப்பல்லர் என்று பெயர். ஆனால் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனசுக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விதைப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் விளைந்த கதிர் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டுதான் பாறை ஏற வேண்டும். கதிர் இல்லாதவர் கீழேயே உட்கார்ந்து கேட்கலாம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் பெரியப்பாதான். அதற்கு முன்பெல்லாம் வாயில் வந்ததை அளக்கிறவர்கள் பாறையை விட்டு இறங்கவே மாட்டார்கள். புளுகைத் தடுக்கத்தான் அவர் இதைச் செய்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் காடை ஏறினான். கொழுத்த கதிர் ஒன்றைப் பாறையில் வைத்தான்.

"ஒரு ஓடு போட்டேன். அஞ்சு ஓடு எடுத்தேன்!" என்றான்.

சபை வாயைப் பிளந்தது.

அடுத்து அணில். "நானும் ஒரு ஓடுதான். நாலு வந்துச்சு."

அடுத்து தினைக்குருவி. "ரெண்டுக்கு ஆறு."

கடைசியாக முயல் ஏறினான். "எட்டு ஓடு போட்டேன். பதினொன்னு வந்துச்சு," என்றான். காடையின் ஐந்து மடங்கைக் கேட்ட காதுக்கு இது சப்பென்று இருந்தது. முயல் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். முயலும் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

செங்காலி வீடு திரும்பும் வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டாள். நாலு பேரும் சேர்ந்து போட்டது பன்னிரண்டு ஓடு. எடுத்தது இருபத்தாறு. அவளிடமும் பன்னிரண்டு ஓடுதான் இருந்தது. இதை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். பாவம், ஏழு பிள்ளைகளைப் பெற்றவள் எதைத்தான் சகுனமாக எடுக்க மாட்டாள்!

"நெடுவாலியக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். பன்னண்டையும் போட்டுறப் போறேன்," என்றாள்.

நெடுவாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா. காத்து திரும்பிருச்சு. இன்னும் மூணு நாள்ல மழை வந்துரும். அதுக்குள்ள போட்டாத்தான் உண்டு."

நெடுவாலி தன் வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் மனசுக்குள் ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. போன வருஷம் அவளும் மூன்று ஓடு விதைத்தாள். வந்தது ஒரே ஒரு ஓடு. அதிலும் பாதி பதர். அந்தச் சோகைக் கதிரை வாயில் கவ்விக்கொண்டு பாறை ஏறுவதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தன் கை ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டு, வளையின் கடைசி மூலையில் அதைப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"நாளையிலருந்து மூணாம் நாள் காலையில போடு. அதுவரைக்கும் பொறு. நான் நாலு பேரைக் கேட்டுட்டு வரேன்," என்றாள்.

"கேக்க என்னக்கா இருக்கு? அதான் பாறையில எல்லாரும் சொன்னாங்களே," என்றாள் செங்காலி. ஆனாலும் அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் ஒத்துக்கொண்டாள்.

நெடுவாலி வளைக்குள் படுத்து யோசித்தாள். ஒரு ஓடு தினையை விதைக்கப் பன்றிக் குளம்பு நாலைந்து பதியும் அளவு இடம் போதும். அந்தத் துண்டு மண் நல்லதாக அமைந்தால் ஐந்து மடங்கு வரும். அதே துண்டில் ஓர் எறும்புப் புற்று இருந்தால் ஒன்றுமே மிஞ்சாது. கொஞ்சமாக விதைத்தால் ஒன்று அள்ளலாம், இல்லை எல்லாம் போகலாம். அப்படியானால் ஒரு ஓடு போட்டு அள்ளினவர்கள் இருக்கிற காட்டில், ஒரு ஓடு போட்டு அழுதவர்களும் இருக்கத்தானே வேண்டும்? அவர்களில் ஒருவரைக்கூடப் பாறையில் பார்க்கவில்லையே. அவர்கள் எங்கே போனார்கள்?

மறுநாள் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"கரம்பையில விதைச்சு விளையாமப் போனது உண்டா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் கிடையாது," என்றது கிளி.

"யாரு, நாங்களா? நாங்க ஏன் போய் விதைக்கப் போறோம்," என்றது பெருச்சாளி. சொல்லிவிட்டு வளைக்குள் போய்விட்டது.

புறா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், தன் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசியது.

கால் கடுக்க வீட்டுக்கு வந்த நெடுவாலிக்கு அழுகை வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே செங்காலி குஞ்சுகளிடம், "இந்தக் கார்த்திகைக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம்டா," என்று சொல்வது கேட்டது. நெடுவாலி எழுந்து வளையின் கடைசி மூலைக்குப் போனாள். மண்ணைக் கிளறினாள். அந்தச் சோகைக் கதிரை எடுத்தாள்.

இரண்டாம் நாள் காலையில் அதை வாயில் கவ்விக்கொண்டு முதலில் புறா வீட்டுக்குத்தான் போனாள். கிளையின் மேல் அதைப் புறாவின் முன்னால் வைத்தாள்.

"மதினி, இது என்னோடது. மூணு ஓடு போட்டேன். ஒன்னு வந்துச்சு. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லலை," என்றாள்.

புறா அந்தக் கதிரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை மாமியார் பேச்சு வரவில்லை. மெல்ல எழுந்து, தன் கூட்டின் அடியிலிருந்து ஒரு தாளை அலகால் உருவி எடுத்தது. காய்ந்த தினைத் தாள். அதன் நுனியில் கதிரே இல்லை.

"ரெண்டு ஓடு போட்டேன் மதினி. மொட்டைத் தாளு மட்டும்தான் வந்துச்சு. கூடு கட்டும்போது அடியில போட்டு மூடிட்டேன்," என்றது. "என் ஒருத்திக்குத்தான் இப்படின்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் நெடுவாலி. இரண்டு பேருக்கும் மனசில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. நெடுவாலி கேள்வி கேட்கவே இல்லை. தன் சோகைக் கதிரைக் காட்டினாள், அவ்வளவுதான். கிளி தலையைத் திருப்பிக்கொண்டு, "ஒன்னு போட்டேன், ஒன்னுமில்லை," என்றது. பெருச்சாளி வளையிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "அஞ்சுக்கு நாலு. நட்டம்னு சொல்ல முடியாது. ஆனா பாறை ஏறிச் சொல்ற மாதிரியும் இல்லை," என்றது.

காடையிடம் போனபோது அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கதிரைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் உள்ளே போனது.

"அக்கா, நான் பாறையில பொய் சொல்லலை. ஒன்னுக்கு அஞ்சு வந்தது நெசம்தான்."

"பொய்யின்னு நான் சொல்லலையேப்பா."

காடை மண்ணைக் கொத்தினான். "அஞ்சு இடத்துல ஒவ்வொரு ஓடு போட்டேன். ஒரு இடத்துல அஞ்சு வந்துச்சு. ரெண்டு இடத்துல ஒவ்வொன்னு. மீதி ரெண்டுலயும் ஒன்னுமில்லை. நல்லா வந்ததைத்தானே சொல்லணும்னு அதை மட்டும் சொன்னேன்."

நெடுவாலிக்குக் கோபம் வரவில்லை. தன் சோகைக் கதிரை ஒரு வருஷம் புதைத்து வைத்தவளுக்கு யார் மேல் கோபம் வரும்?

வெயில் சாயும் முன் கடைசியாகப் பெரியப்பாவிடம் போனாள். அவர் குளத்தின் நடுவில் மிச்சமிருந்த சேற்றில் புரண்டுகொண்டிருந்தார். கதிரைப் பார்த்தார். புரள்வதை நிறுத்தினார்.

"நீங்களும் விதைச்சீங்களா பெரியப்பா?"

"விதைச்சேன். குளத்துக்கு இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் உழுது விதைச்சேன். நாப்பது ஓடு."

"நாப்பதா!"

"நாப்பது. நாப்பத்தி நாலு வந்துச்சு."

"ஏன் சொல்லலை? உங்ககிட்டத்தான் கதிர் இருந்துச்சே."

பெரியப்பா காதை ஆட்டினார். "கதிர் இருந்துச்சும்மா. சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? அஞ்சு மடங்குன்னு காடை சொல்லும்போது காடே மூச்சு விடாமக் கேக்குது. நான் எந்திரிச்சு நாப்பது போட்டேன், நாலு கூடுச்சுன்னு சொன்னா யாரு உக்காந்திருப்பா? முயலைத்தான் பாத்தியே. சபையில ஒரு கலகலப்பு வேணாமா?"

"பெரியப்பா, ஒரு ஓடு போட்டவன் பேச்சை நம்பி என் புதர்க்காரி பன்னண்டு ஓட்டையும் மண்ணுல போடப் போறா. ஏழு குஞ்சு. நாப்பது ஓடு போட்டவரு நீங்க சேத்துல படுத்திருக்கீங்க."

இதைச் சொன்ன பிறகு நெடுவாலிக்கே பயமாகிவிட்டது. பெரியவரிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் பெரியப்பா கோபப்படவில்லை. சேற்றிலிருந்து எழுந்து உடம்பை உதறிக்கொண்டார். "காலையில எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை. மேற்கே கருமேகம் திரண்டிருந்தது. செங்காலி பன்னிரண்டு ஓடு தினையையும் ஓடு ஓடாகச் சுமந்து குளத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஏழு குஞ்சுகளும் சுற்றி நின்றன. அப்போது நெடுவாலி வந்தாள். அவள் பின்னால் புறா, கிளி, பெருச்சாளி, காடை, பெரியப்பா. கூட்டத்தைப் பார்த்து அணிலும் முயலும் தினைக்குருவியும் ஓடி வந்தார்கள். கூட வருகிறவர்கள் வழியில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும் என்று நெடுவாலி சொல்லியிருந்தாள். ஒரு கல் ஒரு ஓடு.

"இடது பக்கம் போட்டது. வலது பக்கம் எடுத்தது. வைங்க," என்றாள்.

முதலில் பாறை ஏறின நாலு பேரின் கணக்குக்கான கற்களை வைத்தார்கள். இடப்பக்கம் பன்னிரண்டு. வலப்பக்கம் இருபத்தாறு.

"இதைத்தானே நானும் சொன்னேன். மழை வருதுக்கா, நான் போடணும்," என்று செங்காலி பரபரத்தாள்.

"இன்னும் முடியலை."

நெடுவாலி இடப்பக்கம் மூன்று கல் வைத்தாள். வலப்பக்கம் ஒன்று வைத்தாள். செங்காலி நிமிர்ந்து பார்த்தாள். புறா இடப்பக்கம் இரண்டு வைத்தது. வலப்பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. கிளி ஒன்று வைத்துவிட்டு விலகிக்கொண்டது. பெருச்சாளி ஐந்தும் நாலும் வைத்தது. காடை தலையைக் குனிந்துகொண்டே இடப்பக்கம் இன்னும் நாலும் வலப்பக்கம் இன்னும் இரண்டும் வைத்தான்.

"விளையாததை எல்லாம் எதுக்கு இதுல சேக்குறீங்க? அதெல்லாம் ராசி இல்லாதவங்க," என்றது அணில்.

"ராசி இருக்கிறவங்க யாருன்னு விதைக்கிறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் நெடுவாலி. அணில் வாலைச் சொறிந்துகொண்டது.

பிறகு பெரியப்பா வந்தார். மூக்கால் ஒரு குவியலைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடப்பக்கம் நாற்பது கல். வலப்பக்கம் நாற்பத்து நாலு. ஒரு ஓடு, இரண்டு ஓடு என்று ஓரமாகக் கிடந்த கற்களெல்லாம் அந்தக் குவியலுக்கு முன்னால் சின்னதாகப் போய்விட்டன.

எல்லாவற்றையும் எண்ணினார்கள். இடப்பக்கம் அறுபத்தேழு. வலப்பக்கம் எழுபத்தேழு.

செங்காலி இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு மடங்குன்னு நினைச்சேனே," என்றாள்.

"ஆறு போட்டா ஏழு வரும். காடு முழுக்கச் சேத்துப் பாத்தா அவ்வளவுதான்," என்றாள் நெடுவாலி.

"அப்போ விதைக்கவே கூடாதுன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லலை புள்ள. கொஞ்சம் கூடத்தான் செய்யுது. ஆனா அது காடு முழுக்கச் சேத்த கணக்கு. உன் மூலையில அஞ்சும் வரலாம், ஒன்னுமில்லாமயும் போகலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்."

செங்காலி தினையைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். தூரத்தில் இடி உறுமியது. இரண்டு ஓடு தினையை மட்டும் வெடிப்புகளில் தூவினாள். மீதிப் பத்து ஓட்டையும் திரும்பச் சுமந்தாள். இந்த முறை எல்லோருமே ஆளுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே பேய்மழை பெய்தது. ஒரே நாளில் குளம் நிரம்பியது. முழங்கால் உயரம் வளர்ந்திருந்த தினைப்பயிர் முழுவதும் தண்ணீருக்குள் போய் அழுகியது. காடையின் பயிர், அணிலின் பயிர், செங்காலியின் இரண்டு ஓடு, எல்லாம் போனது. கார்த்திகை அடைமழை வந்தபோது செங்காலியிடம் பத்து ஓடு இருந்தது. நெடுவாலி ஒரு ஓடு கொடுத்தாள். புறா ஒரு ஓடு கொடுத்தது. அரைவயிறுதான். ஏழு குஞ்சுகளும் பசி பசி என்று புதரையே இரண்டாக்கின. செங்காலி பல நாள் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்தாள். ஆனால் மழை விட்டபோது ஏழும் இருந்தன.

அடுத்த ஆடி முதல் நாள் சபை கூடியது. எல்லோரும் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் கதிர் இல்லை. பெரியப்பா பாறையின் பக்கத்தில் நின்று, "இந்த வருஷம் யாரும் ஏறுறதுக்கு இல்லையா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் தயங்கியது. அந்த வழக்கத்தை உண்டாக்கியது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

செங்காலி எழுந்தாள். அலகில் ஒன்றும் இல்லாமல் பாறை மேல் ஏறினாள். சபையில் ஒரு சலசலப்பு. அந்தப் பாறையில் அப்படி ஏறினவர் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் ஏழு பேரும் வரிசையாக ஏறி நின்றார்கள்.

"ரெண்டு ஓடு போட்டேன். ஒன்னும் வரலை. வெள்ளத்துல போச்சு," என்றாள் செங்காலி. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏழு பேரும் இருக்காங்க."

அவ்வளவுதான் அவள் பேசியது. யாரும் எழுந்து போகவில்லை. பெரியப்பா பாறையின் இடப்பக்கம் இரண்டு கல் வைத்தார். வலப்பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. பிறகு அவர் காடையைப் பார்த்தார். காடை எழுந்து, வெறும் அலகோடு பாறையை நோக்கி நடந்தான்.

பலித்ததைச் சொல்கிறவர்கள் தாமாகவே வந்து சொல்வார்கள். பலிக்காமல் போய் வாயை மூடிக்கொண்டவர்களையும் தேடிப் போய்க் கேட்ட பிறகுதான் எதையும் நம்பி இறங்க வேண்டும்.